வைரஸ் நுழைந்த இடம் 9 என்கிறது ஒரு மென்பொருள், 143 என்கிறது இன்னொன்று: எதை நம்புவது?

பின்னால் வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரிடம் ஒரு கல்லீரல் புற்றுக்கட்டியின் முழு ஜீனோம் (மொத்த டிஎன்ஏ) டேட்டா இருக்கிறது. 30 மடங்கு கவரேஜ் (ஒவ்வொரு இடமும் சராசரியாக 30 முறை படிக்கப்பட்டது), 150 எழுத்து ஜோடி ரீடுகள் (ஒரு டிஎன்ஏ துண்டின் இரு முனையிலிருந்தும் கருவி படித்த எழுத்துகள்). அதே நோயாளியின் ரத்த டேட்டாவும் இருக்கிறது. நோயாளிக்கு ஹெபடைட்டிஸ் பி உண்டு. வைரஸின் டிஎன்ஏ மனித ஜீனோமில் எங்கெல்லாம் நுழைந்திருக்கிறது என்று பார்க்க இரண்டு மென்பொருள்களை ஓட்டியிருக்கிறார். ஒன்று 9 இடம் என்கிறது, மற்றது 143 என்கிறது. "இரண்டில் எது நல்ல மென்பொருள்?" என்று முடித்திருக்கிறார். எனக்கென்னவோ அவருடைய நிஜமான கவலை வேறு என்று தோன்றுகிறது. இந்த 143 வரிகளில் எந்த வரியை நம்பலாம், நம்பி எவ்வளவு தூரம் பேசலாம் என்பதுதான் அது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். மென்பொருள் பெயர்கள் நடுவில் வரும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சீக்வென்சிங் (டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்கும்) டேட்டாவோடு பத்து வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியிருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் கல்லீரல், கருப்பை வாய்ப் புற்று மாதிரிகள். ஜீன் தெரபி பக்கம் போனதில்லை, அதனால் வெக்டர் (ஜீனைச் சுமந்து செல்லும் வாகனம்) எங்கே செருகியது என்று தேடும் வேலையைப் பற்றி நான் சொல்வது படித்த அறிவுதான். மருத்துவரும் அல்ல. அப்புறம் ஒரு சின்னச் சிக்கல்: ஹெபடைட்டிஸ் பி வைரஸையும் பாப்பிலோமா வைரஸையும் சுருக்கி எழுதினால் தமிழில் இரண்டுமே "எச்பிவி" ஆகிவிடுகிறது. ஆகவே முழுப்பெயரிலேயே எழுதுகிறேன், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் எதைத் தேடுகிறது என்பதிலிருந்து ஆரம்பிப்போம். மனித ஜீனோம் சுமார் 300 கோடி எழுத்து. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் வெறும் 3,200 எழுத்து. பாப்பிலோமா வைரஸ் 16ஆம் வகை 7,906 எழுத்து. இந்தச் சின்னத் துண்டு பெரிய துணியில் ஒட்டுப்போட்ட மாதிரி உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. லேபில் நாங்கள் ஜங்ஷன் என்போம், இங்கே ஒட்டு என்றே சொல்கிறேன். இந்த ஒட்டு குறுகிய ரீடுகளில் இரண்டே விதமாகத்தான் தெரியும். ஒன்று, ஜோடி ரீடில் ஒரு முனை மனித ஜீனோமிலும் மறு முனை வைரஸிலும் போய் உட்காரும். ஒட்டு எங்கோ இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்று தெரியும், சரியான எழுத்து தெரியாது. இரண்டு, ஒரே ரீடின் முதல் 90 எழுத்து மனிதன், மீதி 60 எழுத்து வைரஸ் என்று நடுவில் பிரியும். ஒட்டு எந்த எழுத்தில் என்று இதுதான் காட்டும். அலைன்மென்ட் செய்யும் (ரீடை ஜீனோமில் அதற்குரிய இடத்தில் பொருத்தும்) நிரல் ஒரு பாதியைப் பொருத்திவிட்டு, மறு பாதியைப் "பொருந்தவில்லை" என்று மடித்து வைத்துவிடும். அந்த மடிப்பைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த மென்பொருள்கள் அத்தனையின் தொழிலும்.

அடிப்படை ஆதாரம் எல்லாருக்கும் ஒன்றே. அப்படியானால் 9க்கும் 143க்கும் நடுவில் இவ்வளவு தூரம் எப்படி வருகிறது? எதைக் கழித்துக்கட்டுவது என்பதில் ஒவ்வொருவரும் வேறு வேறு முடிவு எடுத்திருக்கிறார்கள், அதனால்தான். அந்த முடிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் உங்கள் கோப்பை நீங்களே தரம் பிரித்துவிடலாம்.

முதலில், எண்ணும் முறை. வைரஸ் ஓர் இடத்தில் நுழைந்தால் இடது பக்கம் ஓர் ஒட்டு, வலது பக்கம் ஓர் ஒட்டு. ஒரு மென்பொருள் இதை ஒரு நிகழ்வு என்று ஒரே வரியாக எழுதும், இன்னொன்று இரண்டு வரியாக எழுதும். இதோடு நிற்பதில்லை. ஒட்டு விழும் இடத்தில் மனித எழுத்துகளும் வைரஸ் எழுத்துகளும் மூன்று நான்கு எழுத்துக்கு ஒன்றாகவே இருப்பது சகஜம். அந்த நான்கு எழுத்து யாருக்குச் சொந்தம் என்று யாராலும் சொல்ல முடியாது. சரியாகத் தொகுக்காத நிரல், ஒரே ஒட்டை 1,295,100 என்றும் 1,295,102 என்றும் 1,295,103 என்றும் மூன்று வரியாக எழுதிவைக்கும். எடுத்த எடுப்பிலேயே பத்து எழுத்து தூரத்துக்குள் இருக்கும் வரிகளை ஒன்றாக்குங்கள். 143 என்பது அறுபது எழுபதுக்கு இறங்கினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அடுத்தது மடிந்த பாதியின் நீளம். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், பெரும்பாலான பொய் ஒட்டுகள் இங்கேதான் பிறக்கின்றன. நான்கு எழுத்தில் 15 நீளச் சொல்லை 107 கோடி விதமாக எழுதலாம். மனித ஜீனோம் 300 கோடி. அதாவது, எந்த 15 எழுத்தைக் கொடுத்தாலும் தற்செயலாகவே மனித ஜீனோமில் இரண்டு மூன்று இடத்தில் அது கிடைத்துவிடும். எதிர் இழையையும் சேர்த்தால் இன்னும் இரண்டு மடங்கு. 20 எழுத்துக்குப் போனால் 1.1 லட்சம் கோடி விதம், தற்செயல் மிகவும் குறைந்துவிடுகிறது. ஆனால் ஜீனோம் தற்செயலாக எழுதப்பட்டதும் அல்ல. பாதிக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் தொடர்கள்தான். அதனால் மடிந்த பகுதி 20 எழுத்துக்குக் கீழே இருக்கும் எந்த வரியையும் நான் தனி ஆதாரமாக ஏற்பதில்லை. 30 இருந்தால் பார்ப்பேன். மனிதப் பக்கத்துப் பாதி ஒரே இடத்தில் மட்டும் பொருந்துகிறதா, அல்லது ஆலு, லைன் போன்ற திரும்பத் திரும்ப வரும் தொடர்களில் ஆயிரம் இடத்தில் பொருந்துகிறதா என்பதையும் பார்ப்பேன். ஆயிரம் இடத்தில் பொருந்துவதால் அந்த ஒட்டு பொய் என்று ஆகிவிடாது. வைரஸ் அங்கேயும் நுழையத்தான் செய்யும். முகவரி தெரியாது, அவ்வளவுதான். பழைய மென்பொருள்கள் பல இந்த வகை ஒட்டுகளை மொத்தமாகத் தூக்கி எறிந்துவிடும். உங்கள் 9 அப்படி வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

வைரஸ் பக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி, பாப்பிலோமா இரண்டும் வட்டமான ஜீனோம். ரெஃபரன்ஸ் (ஒப்பிட வைத்திருக்கும் பொது ஜீனோம்) கோப்பிலோ அதை ஓர் இடத்தில் வெட்டி நேர்க்கோடாக எழுதியிருக்கிறார்கள். வெட்டிய இடத்தைத் தாண்டிப் போகும் ரீட் ஒவ்வொன்றும், வைரஸ் முழுமையாக வட்டமாகவே இருந்தாலும், பாதியில் மடியும். மடிந்த பகுதி சின்னதாக இருந்தால் நிரல் அதற்கு மனித ஜீனோமில் ஏதோ ஓர் இடத்தைத் தேடிப் பிடித்துத் தந்துவிடும். அதைத்தான் மேலே கணக்குப் போட்டோம். மருந்து எளிது: வைரஸ் ரெஃபரன்ஸின் முதல் 150, 200 எழுத்தைக் கடைசியில் இன்னொரு முறை ஒட்டிவிட்டு ஓட்டுங்கள். இதைத் தானே செய்துகொள்ளும் மென்பொருளும் உண்டு, செய்யாததும் உண்டு. கையேட்டைப் பாருங்கள். செய்ததா என்று சந்தேகமாக இருந்தால், உங்கள் 143 வரிகளில் வைரஸ் இட எண்ணை (வைரஸின் எத்தனையாவது எழுத்தில் ஒட்டு என்பதை) வரிசைப்படுத்துங்கள். 1க்குப் பக்கத்திலும் கடைசி எழுத்துக்குப் பக்கத்திலும் வரிகள் குவிந்திருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

எந்த வைரஸ் ரெஃபரன்ஸ் என்பதும் சின்ன விஷயம் இல்லை. ஹெபடைட்டிஸ் பி வைரஸின் ஜீனோடைப்புகள் (உட்பிரிவுகள்) ஒன்றுக்கொன்று 8 சதவீதத்துக்கு மேல் வேறுபடும். அந்த வேறுபாட்டை வைத்துத்தான் வகையே பிரிக்கிறார்கள். இந்தியாவில் டி, ஏ இரண்டும் அதிகம், சீனாவில் பி, சி. நீளமே மாறும்: டி வகை 3,182 எழுத்து, பி, சி வகைகள் 3,215. ஒரு ரீடில் வைரஸுக்கு 40 எழுத்துதான் இருக்கிறது, அதில் மூன்று நான்கு எழுத்து தப்பாகத் தெரிகிறது என்றால் கண்டிப்பான நிரல் அதைக் கழித்துவிடும். ஆகவே முதலில் வைரஸ் ரீடுகளை மட்டும் எடுத்து எல்லா ஜீனோடைப்புகளுக்கும் எதிரே ஓட்டி, எது நெருக்கம் என்று கண்டுபிடித்து, அதையே ரெஃபரன்ஸாக வையுங்கள். நோயாளியின் சொந்த வைரஸைத் தொகுத்து வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. 2015இல் வந்த வெர்ஸ் என்ற மென்பொருளின் மையக் கருத்தே இதுதான்: ரெஃபரன்ஸை மாதிரிக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டு தேடுவது.

மென்பொருள் பேச்சு வந்துவிட்டதால் இங்கேயே முடித்துவிடுகிறேன். 2013 வாக்கில் வைரஸ்சீக், வைரல்ஃப்யூஷன்சீக், வைரஸ்ஃபைண்டர் என்று வரிசையாக வந்தன. வைரஸ்ஃபைண்டரின் பலம், எந்த வைரஸ் என்றே தெரியாதபோதும் மனிதனுக்குப் பொருந்தாத ரீடுகளைத் தொகுத்து வைரஸை அடையாளம் காண்பது. அதை நிறுவுவது ஒரு தவம். அது சார்ந்திருக்கும் துணை நிரல்கள் எல்லாம் பழசாகிவிட்டன. 2015இல் ஹாங்காங்கிலிருந்து வந்த வைரஸ்-கிளிப் தலைகீழாகப் போகிறது: முதலில் வைரஸோடு பொருத்தி, மடிந்த பாதியை மட்டும் மனித ஜீனோமில் தேடும். ரீடுகளில் 99 சதவீதத்துக்கு மேல் அங்கேயே கழன்றுவிடுவதால் வேகம் அதிகம், சாதாரணக் கணினியிலும் ஓடும். முதல் பார்வைக்கு நான் இப்போதும் அதைப் போன்ற வழியைத்தான் கையாள்கிறேன். 2018இன் விஃபை, ஒரே ஒரு ரெஃபரன்ஸை நம்பாமல் ஒரு வைரஸ் குடும்பம் முழுவதையும் சேர்த்துக் கட்டிய புள்ளியியல் மாதிரியோடு ரீடை ஒப்பிடும். பாப்பிலோமா வைரஸ் போல இருநூறுக்கு மேல் வகை உள்ள குடும்பத்தில் இது கை கொடுக்கும். 2021இன் சர்வைரஸ், மேலே சொன்ன திரும்பத் திரும்ப வரும் தொடர்களின் சிக்கலைத் தூக்கி எறியாமல் கையாளப் பார்க்கிறது. ஆஸ்திரேலியாவின் ஐஸ்லிங் சாதாரண வைரஸோடு ஜீன் தெரபி வெக்டர்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டது.

உங்கள் டேட்டாவுக்கு எதை எடுப்பேன் என்று கேட்டால், சர்வைரஸையும் வைரஸ்-கிளிப் மாதிரி ஒன்றையும் ஓட்டி, இரண்டிலும் வந்ததை ஒரு குவியலாகவும் ஒன்றில் மட்டும் வந்ததை இன்னொரு குவியலாகவும் வைப்பேன். இது என் பழக்கம், நிரூபணம் அல்ல. ஒவ்வொரு மென்பொருளின் கட்டுரையிலும் அந்த மென்பொருள்தான் முதலிடம் பிடித்திருக்கும், கவனித்திருப்பீர்கள். பெரும்பாலும் கணினியில் செய்த போலி டேட்டாவில் நடந்த போட்டி அது. போலி டேட்டாவில் வைரஸ் ஒழுங்காக, முழுசாக, ஒரே இடத்தில் நுழைந்திருக்கும். நிஜக் கட்டியில் வைரஸ் துண்டு துண்டாக உடைந்து, திரும்பி, பக்கத்து மனித டிஎன்ஏவையும் இழுத்துக்கொண்டு பல பிரதிகளாகப் பெருகியிருக்கும். எனவே அந்தக் கட்டுரைகளின் சதவீதங்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், என் சிபாரிசையும் சேர்த்துத்தான்.

இனி வருவது, நான் சூடுபட்டுக் கற்றது. ஒட்டு இருக்கிறதா என்பதற்கு முன்னால், வைரஸே அந்த நோயாளியுடையதுதானா என்று கேட்க வேண்டும். வருடங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒரு தொகுப்பில் பாதி மாதிரிகளில் சைட்டோமெகலோ வைரஸ் தெரிந்தது. இரண்டு நாள் கொண்டாட்டம். மூன்றாம் நாள் ரீடுகளை ஐஜிவியில் (ரீடுகளைக் கண்ணால் பார்க்கும் மென்பொருள்) திறந்தால், 2 லட்சத்து 35 ஆயிரம் எழுத்துள்ள வைரஸில் ஐந்நூறு அறுநூறு எழுத்துள்ள ஒரே இடத்தில் அத்தனையும் குவிந்திருக்கின்றன, மற்ற இடமெல்லாம் காலி. அந்தத் துண்டு எது தெரியுமா? லேபில் பாதி பிளாஸ்மிட்களில் (ஜீன்களைச் சுமக்க லேபில் தயாரிக்கும் வட்ட டிஎன்ஏ) போட்டிருக்கும் புரோமோட்டர், அதாவது ஜீனை இயக்கும் சுவிட்ச். பக்கத்து மேஜையில் யாரோ பிளாஸ்மிட் தயாரித்திருக்கிறார்கள், அது எங்கள் குழாய்க்குள் வந்திருக்கிறது. எஸ்வி40 என்ற வைரஸுக்கும் இதே கதைதான். ஆகவே வைரஸ் ஜீனோம் முழுக்கப் பரவி ரீட் இருக்கிறதா, ஒரே மூலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

என்னைப் போன்ற சின்ன ஆட்களுக்கு மட்டும் நடப்பதில்லை இது. அமெரிக்காவின் டிசிஜிஏ என்ற பெரிய புற்று ஜீனோம் திட்டத்தின் டேட்டாவில், கருப்பை வாய்க்குச் சம்பந்தமே இல்லாத கட்டிகளில் பாப்பிலோமா வைரஸ் 18 இருப்பதாகச் சிலர் கண்டிருந்தார்கள். 2015இல் வேறொரு குழு அந்த வைரஸ் ரீடுகளை எழுத்தெழுத்தாகப் பார்த்தது. ஹீலா செல்லில் இருக்கும் வைரஸுக்கே உரிய மாற்றங்கள் அவற்றில் இருந்தன. 1951இல் ஒரு பெண்ணின் கருப்பை வாய்க் கட்டியிலிருந்து எடுத்து, இன்றும் உலகமெங்கும் லேப்களில் வளரும் செல் அது. லேபில் வளர்ந்த ஹீலாவின் டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் மாதிரிகளுக்குள் கலந்திருக்கின்றன. ஹீலாவில் வைரஸ் 8ஆம் குரோமோசோமில் புற்றோடு தொடர்புடைய மிக் ஜீனுக்குச் சுமார் 5 லட்சம் எழுத்து தள்ளி உட்கார்ந்திருக்கிறது. உங்கள் மாதிரியில் வகை 18 வந்து, ஒட்டும் அதே இடத்தில் இருந்தால், கண்டுபிடிப்பு என்று எழுதுவதற்கு முன் ஃப்ரீசரில் என்ன இருக்கிறது என்று விசாரியுங்கள்.

இன்னும் இரண்டு மூன்று கலப்படங்கள், வேகமாக. ஒரே ஓட்டத்தில் பல மாதிரிகளைச் சேர்த்து சீக்வென்ஸ் செய்தால் அடையாளக் குறிகள் இடம் மாறி, வைரஸ் ஏராளமாக உள்ள மாதிரியிலிருந்து பக்கத்து மாதிரிக்கு ரீடுகள் கசியும். இரு பக்கமும் தனித்தனிக் குறி போட்டிருந்தால் இது வெகுவாகக் குறையும். மனித ஜீனோமில் சுமார் 8 சதவீதம் பழைய ரெட்ரோவைரஸ்களின் எச்சம். உங்கள் வைரஸ் பட்டியலில் அவற்றின் உறவுக்கார வைரஸ்கள் இருந்தால் எல்லா மனிதருக்கும் ஒட்டு காட்டும். எப்ஸ்டீன்-பார் வைரஸோ நேர்மாறு: பலர் பயன்படுத்தும் மனித ரெஃபரன்ஸ் கோப்புகளுக்குள்ளேயே அதன் ஜீனோமைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், வழி தவறிய ரீடுகளை உறிஞ்சிக்கொள்வதற்காக. அது தெரியாமல் ஓட்டினால் வைரஸ் ரீடெல்லாம் "மனித" பக்கம் போய்விடும், மென்பொருள் ஒன்றுமில்லை என்று சொல்லும். மனித ஹெர்பிஸ் வைரஸ் 6 வேறு மாதிரி. அது குரோமோசோம் நுனியில் போய் உட்கார்ந்து, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவதும் உண்டு, மக்களில் சுமார் 1 சதவீதம் பேருக்கு. நுனி முழுக்க ஒரே ஆறெழுத்துத் தொடரின் ஆவர்த்தனம் என்பதால் குறுகிய ரீடில் ஒட்டைப் பிடிக்க முடியாது. ஆனால் 30 மடங்கு டேட்டாவில் வைரஸ் மட்டும் சீராக 15 மடங்கு வந்தால், ஒவ்வொரு செல்லிலும் ஒரு பிரதி இருக்கிறது என்று அர்த்தம்.

இதெல்லாம் கடந்து, வைரஸ் நோயாளியுடையதுதான் என்று உறுதியான பிறகும் ஒரு வகைப் பொய் ஒட்டு மிஞ்சும். லைப்ரரி (கருவியில் ஏற்றுவதற்கான டிஎன்ஏ கலவை) தயாரிக்கும்போது டிஎன்ஏவைத் துண்டாக்கி முனைகளை ஒட்டுகிறோம். அந்த நேரத்தில் தனியாக மிதந்த வைரஸ் துண்டும் மனிதத் துண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிசிஆரும் (டிஎன்ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் முறை) இப்படிக் கலப்பைச் செய்யும். பார்வைக்கு நிஜ ஒட்டு மாதிரியே இருக்கும். வைரஸ் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பொய் ஒட்டு. 2021இல் கொரோனா வைரஸின் ஆர்என்ஏ டிஎன்ஏவாக மாறி மனித ஜீனோமில் நுழைகிறது என்று ஒரு கட்டுரை வந்து பெரிய விவாதம் நடந்ததே, அதில் எதிர்த்தரப்பின் முக்கியமான வாதம் இதுதான்: நீங்கள் காட்டும் கலப்பு ரீடுகள் லேபில் உண்டானவை. அதே வகைச் செல்லில் நீள ரீடுகளை வைத்து வேறொரு குழு தேடியபோது நுழைந்ததற்கான தடயம் கிடைக்கவில்லை.

லேபில் உண்டான ஒட்டை எப்படிப் பிரிப்பது? அது ஒரே ஒரு முறைதான் நடந்திருக்கும். அதே இடத்தில் அதே ஒட்டு இரண்டு தனித்தனித் துண்டுகளில் தற்செயலாக வராது. ஆகவே டூப்ளிகேட்களை (ஒரே துண்டின் பிரதிகளை) நீக்கிய பிறகு, தொடங்கும் இடமும் முடியும் இடமும் வேறு வேறாக உள்ள எத்தனை துண்டுகள் இந்த ஒட்டைத் தாங்குகின்றன என்று எண்ணுங்கள். ரீடுகளை எண்ணாதீர்கள், துண்டுகளை எண்ணுங்கள். மூன்றும் அதற்கு மேலும் இருந்தால் எனக்கு நிம்மதி. ஒன்று மட்டும் என்றால் அந்த வரியை நான் "தெரியாது" என்ற பெட்டியில் போடுவேன். "பொய்" என்ற பெட்டியில் போட மாட்டேன், காரணம் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 30 மடங்கு கவரேஜில், எல்லாச் செல்லிலும் ஒரு குரோமோசோமில் மட்டும் இருக்கும் ஒட்டுக்குச் சுமார் 15 துண்டு கிடைக்கும். அதே ஒட்டு 10 சதவீதச் செல்களில் மட்டும் இருந்தால் ஒன்றரைத் துண்டு. அதாவது சில நேரம் இரண்டு, சில நேரம் பூஜ்யம். கல்லீரலில் இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. பல வருடம் ஹெபடைட்டிஸ் பி உள்ள கல்லீரலில் வெவ்வேறு செல்களில் வெவ்வேறு இடத்தில் வைரஸ் நுழைந்திருக்கும். அதில் ஏதோ ஒரு செல் பெருகிக் கட்டியாகும்போது அதன் ஒட்டு எல்லாச் செல்லுக்கும் பொதுவாகிவிடுகிறது, அதனால் தெளிவாகத் தெரிகிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில் 88 பேரின் கட்டியையும் அருகில் இருந்த திசுவையும் முழு ஜீனோமாகப் படித்தார்கள், அவர்களில் 81 பேர் ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்கள். கட்டிகளில் 86.4 சதவீதத்திலும், அருகிலுள்ள திசுவில் 30.7 சதவீதத்திலும் ஒட்டு கிடைத்தது. அந்த 30.7ஐ நான் "மற்ற திசுவில் நுழையவில்லை" என்று படிக்க மாட்டேன். நுழைந்திருக்கும், சிதறிக் கிடப்பதால் அந்த ஆழத்தில் கண்ணில் படவில்லை என்று படிப்பேன். இது என் வாசிப்பு.

ஆக, உங்கள் 143இல் ஒற்றைத் துண்டு ஆதாரம் கொண்ட பல வரிகள் இருந்தால், அவற்றில் நிஜமும் இருக்கும், லேப் குப்பையும் இருக்கும். இந்த டேட்டாவை மட்டும் வைத்து எந்த மென்பொருளாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டுமென்றால் வைரஸுக்கு மட்டும் தூண்டில் போட்டு எடுக்கும் கேப்சர் முறையில் ஆழமாகப் படிக்கலாம், அல்லது நீள ரீடுகளுக்குப் போகலாம். பத்தாயிரம் எழுத்து நீள ரீட் ஒன்று, மனிதனில் தொடங்கி முழு வைரஸையும் கடந்து மறுபடி மனிதனில் முடிவதைக் காட்டிவிடும். அதைப் பார்த்த பிறகு குறுகிய ரீடில் ஊகிப்பது சாவித்துவாரம் வழியாகக் கல்யாணம் பார்த்த மாதிரி இருக்கும். செலவு இடிக்கிறது என்றால் முக்கியமான நான்கைந்து ஒட்டுகளுக்கு மட்டும் பிரைமர் (பிசிஆரைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வடிவமைத்து, பிசிஆர் செய்து, சேங்கர் முறையில் படித்துவிடுங்கள். பழைய முறைதான், ஆனால் விமர்சகர் வாய் திறக்க மாட்டார்.

உங்களிடம் ஆர்என்ஏ டேட்டாவும் இருந்தால் ஓர் எச்சரிக்கை. அதில் தெரியும் ஒட்டு டிஎன்ஏ ஒட்டு அல்ல. பாப்பிலோமா வைரஸ் 16இல் 880ஆம் எழுத்தில் ஒரு வெட்டு முனை இருக்கிறது. வைரஸின் ஆர்என்ஏ அங்கே வெட்டுப்பட்டு, எங்கோ தள்ளியிருக்கும் மனித எக்ஸானோடு (ஜீனின் ஆர்என்ஏவில் தங்கும் பகுதி) சேரும். பட்டியலில் எல்லா நோயாளிக்கும் 880 என்று வருவதைப் பார்த்து "வைரஸ் இங்கேதான் உடைகிறது" என்று எழுதியவர்களை எனக்குத் தெரியும். ஆர்என்ஏ சொல்வது, அந்தப் பக்கத்தில் எங்கோ வைரஸ் இருக்கிறது, வேலையும் செய்கிறது என்பதைத்தான். அதுவும் பெரிய செய்திதான், ஆனால் வேறு செய்தி.

அடுத்து நீங்கள் கேட்காத, ஆனால் கேட்கப்போகும் கேள்வி: இந்த ஒட்டுதான் புற்றை உண்டாக்கியதா? டெர்ட் ஜீனின் புரோமோட்டர், எம்எல்எல்4, சைக்ளின் இ1 ஜீன்கள் என்ற இவை மூன்றிலும் ஹெபடைட்டிஸ் பி ஒட்டு வெவ்வேறு நோயாளிகளில், வெவ்வேறு நாடுகளில் மீண்டும் மீண்டும் கிடைத்திருக்கிறது. தற்செயலாக அப்படி நடக்காது. உங்கள் மாதிரியில் டெர்ட் புரோமோட்டரில் பதினைந்து துண்டு ஆதாரத்தோடு ஒட்டு இருந்தால் தைரியமாக எழுதலாம். மற்ற இடங்களில் ஒரே நோயாளியிடம் ஒரே ஒரு முறை கண்டதை வைத்துப் பக்கத்து ஜீன் பெயரைச் சொல்லிக் கதை கட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஜீனோமில் எங்கே கல்லெறிந்தாலும் ஏதோ ஒரு ஜீனுக்குப் பக்கத்தில்தான் விழும். பாப்பிலோமா வைரஸில் நிலைமை இன்னும் மங்கல். டிசிஜிஏவின் 2017 கருப்பை வாய்ப் புற்று ஆய்வில் வகை 18 உள்ள எல்லாக் கட்டிகளிலும், வகை 16 உள்ளவற்றில் 76 சதவீதத்திலும் ஒட்டு இருந்தது. மீதி 24 சதவீதம் ஒட்டு இல்லாமலே புற்றாகியிருக்கின்றன என்றுதானே அர்த்தம்? அல்லது நம் மென்பொருள் கோட்டை விட்டதா? இரண்டுக்கும் இடமிருக்கிறது.

சரி, நாளைக்கே உட்கார்ந்து செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் லேபில் வளர்க்கும் சிஹா என்ற கருப்பை வாய்ப் புற்றுச் செல்லின் பொது டேட்டாவைப் பதிவிறக்கி உங்கள் இரண்டு மென்பொருள்களையும் அதில் ஓட்டுங்கள். அதில் பாப்பிலோமா வைரஸ் 16 ஒன்றிரண்டு பிரதிதான், 13ஆம் குரோமோசோமில் கேஎல்எஃப்5, கேஎல்எஃப்12 ஜீன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பதில் தெரிந்த கணக்கு அது. அதிலேயே ஒரு மென்பொருள் நாற்பது ஒட்டு காட்டினால் அதன் குணம் தெரிந்துவிடும். பிறகு உங்கள் ரத்த மாதிரியை ஓட்டுங்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸின் வீடு கல்லீரல். கட்டியில் உள்ள அதே ஒட்டு அதே எழுத்தில் ரத்தத்திலும் வந்தால் அந்த வரியை முதலில் சந்தேகப்படுங்கள். மிஞ்சியதை ஐஜிவியில் ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். அறுபது வரிக்கு ஒரு மதியம் போதும்.

கடைசியாக வைரஸ் இட எண் இருக்கும் நெடுவரிசையை மட்டும் எடுத்து ஒரு படம் வரையுங்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் தன் வட்ட வடிவில் நுழைவதில்லை. பெருகும்போது வழி தவறி உண்டாகும் நேர்க்கோட்டு வடிவம்தான் உள்ளே போகிறது, அதன் முனைகள் 1,600க்கும் 1,830க்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கும். அதனால் நிஜ ஒட்டுகளில் பெரும் பங்கு 1,800ஐச் சுற்றி விழும். உங்கள் 9 வரிகளையும் 143 வரிகளையும் தனித்தனியாக வரைந்து, 1,800 பக்கத்தில் மேடு எதில் தெரிகிறது, எதில் 3,200 எழுத்துக்கும் சமமாகச் சிதறிக் கிடக்கிறது என்று பார்த்துவிட்டு இங்கே சொல்லுங்கள். இரண்டிலும் மேடு தெரிந்தால், 143ஐக் கொடுத்த மென்பொருளைத் திட்டியதை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.